தூதர் வீட்டு அடுப்படிக்கும் சட்டம் போக வேண்டும்

வெளிநாட்டுத் தூதர்களை நம் ஊர்ப் போலீஸ் தொட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூதர்களும் நம் சட்டத்தை மதித்தே ஆக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 1961-இல் கையெழுத்தான தூதரக உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தம் தன் 41-ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. சலுகையை அனுபவிக்கும் ஒவ்வொருவருக்கும், தாம் இருக்கும் நாட்டின் சட்டதிட்டங்களை மதிப்பது கடமை. ஆக, சட்டம் அவருக்கும் உண்டு. மீறினால் அவரைக் கூண்டில் ஏற்ற அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். கடமை இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லை. இந்த இடைவெளியில் எத்தனையோ பேருடைய கூலியும் மானமும், சில சமயம் உயிரும் போயிருக்கின்றன.

நான் தேவகோட்டையில் வழக்கறிஞராக இருக்கிறேன். பாகப்பிரிவினை, வாடகை, செக் மோசடி, வரப்புத் தகராறு, இவைதான் எனக்கு அன்றாடம். சர்வதேசச் சட்டம் என் தொழில் இல்லை. ஆனால் செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு வெளிநாடு தூரத்து விஷயமும் இல்லை. பர்மாத் தேக்கில் தூண் நிற்கும் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். பினாங்குக்கும் கொழும்புக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் குடும்பங்கள் ஒரு பக்கம். அவர்களோடு கணக்கெழுதவும் சமைக்கவும் எடுபிடி வேலைக்கும் போன மற்றக் குடும்பங்கள் இன்னொரு பக்கம். இன்றைக்கும் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஓர் ஆள் இல்லாத தெரு இந்தப் பக்கம் அபூர்வம். அதிலும் எங்கள் பக்கத்துச் சமையல்காரர்களுக்கு வெளியூர் வேலை என்றுமே உண்டு. அவர்களில் சிலர் தூதர்கள் வீட்டு அடுப்படிக்கும் போகிறார்கள்.

அந்த அடுப்படிக்கு வருமுன் சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் என் அளவுகோல் அதுதான்.

2009 டிசம்பர் 15 அதிகாலையில், புக்கிட் பாஞ்சாங் பகுதியில், ருமேனியத் தூதரகத்தின் கார் சாலையைக் கடந்தவர்கள் மீது மோதிவிட்டு நிற்காமல் போனது. மூன்று பேர் அடிபட்டார்கள். அவர்களில் மலேசியாவைச் சேர்ந்த 30 வயது இளைஞர் ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். அந்தத் தூதரகத்துக்குப் பொறுப்பாக இருந்த சில்வியு இயோனெஸ்கு, கார் திருட்டுப் போய்விட்டது என்று போலீஸில் சொன்னார். அந்த வாரமே நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். சிங்கப்பூர் அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. மரண விசாரணை நடத்தி, சாட்சிகளைப் பதிவு செய்து, காரை ஓட்டியவர் அவர்தான் என்று முடிவு சொல்லி, எல்லாவற்றையும் ருமேனியாவுக்கு அனுப்பி, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ருமேனிய நீதிமன்றமே அவரை விசாரித்துத் தண்டித்தது. முதலில் மூன்று ஆண்டு, மேல்முறையீட்டில் ஆறு ஆண்டு. 2014-இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

இதில் ஒப்பந்தத்தின் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை. 31-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, தூதரை உள்ளூர்க் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்கிறது. அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு, அந்த விலக்கு அவரைச் சொந்த நாட்டு நீதிமன்றத்திலிருந்து காப்பாற்றாது என்கிறது. முதல் உட்பிரிவை எடுத்துச் சொல்லாத நாடே இல்லை. நான்காவதை நடத்திக் காட்டிய நாடுகள் குறைவு.

இன்னொரு வழியும் உண்டு. விலக்கு தூதருடைய சொத்து இல்லை. அது அவரை அனுப்பிய நாட்டுக்குச் சொந்தம். அந்த நாடு நினைத்தால் 32-ஆவது பிரிவின்படி விட்டுக்கொடுக்கலாம். 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி குடித்துவிட்டு ஓட்டிய காரால் 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். ஜார்ஜியா அப்போது அமெரிக்க உதவியை நம்பியிருந்த சின்ன நாடு. விலக்கை விட்டுக்கொடுத்தது. அந்த அதிகாரி அமெரிக்கச் சிறைக்குப் போனார். ஒரு பெரிய நாடு சின்ன நாட்டுக்கு இப்படி விட்டுக்கொடுத்ததைத் தேடிப் பார்த்தால் அவ்வளவு எளிதில் கிடைக்காது. சட்டத்தில் எல்லோரும் சமம் என்று எழுதியிருந்தாலும், இங்கே பலம் பேசுகிறது.

இரண்டும் நடக்கவில்லை என்றால் உள்ளூர் அரசுக்கு மிஞ்சுவது ஒன்றுதான். 9-ஆவது பிரிவின்படி, காரணம்கூடச் சொல்லாமல், இவர் எங்களுக்கு வேண்டாதவர் என்று அறிவித்து வெளியே அனுப்பலாம். 1984 ஏப்ரலில் லண்டனில், லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து சுட்டதில் இவோன் பிளெட்சர் என்ற பெண் காவலர் இறந்தபோது, பிரிட்டன் பதினொரு நாள் கட்டடத்தைச் சுற்றி நின்றது. பிறகு உள்ளே இருந்தவர்களை நாட்டை விட்டு அனுப்பியது. அவ்வளவுதான் முடிந்தது.

இதையெல்லாம் கேட்கும் யாருக்கும் இந்த விலக்கே வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்று சொல்லத் தோன்றும். எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் பேச்சு வந்தபோது இளையவர்கள் பலர் அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு என் காரணம் பர்மாவில் இருக்கிறது.

1962-இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள், பெரும்பாலும் தமிழர்கள், கப்பல் ஏறினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கழுத்தில் கிடந்ததைக்கூடக் கொண்டுவர விடாத அந்த நாட்களில், நகையை ரங்கூனில் இருந்த இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஏன் அங்கே கொடுத்தார்கள்? ஊரில் எந்தக் கதவையும் உடைத்து நுழையக்கூடிய ராணுவம் அந்த ஒரு கதவை உடைக்கத் தயங்கும் என்ற நம்பிக்கைதான். தூதரக வளாகத்துக்குள் அனுமதியின்றி யாரும் நுழையக்கூடாது என்று 22-ஆவது பிரிவில் எழுதியிருப்பதன் பொருள் என் தலைமுறைக்குச் சட்டப் புத்தகத்தில் கிடைத்தது. எங்களுக்கு முந்தியவர்கள் அதைக் கையில் ரசீதாகப் பிடித்திருந்தார்கள்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, அங்கிருந்த வெளிநாட்டுத் தூதரகங்களை மூடச் சொன்னது. மூட மறுத்தவர்களுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தியது. அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து சுமார் 1,70,000 இந்தியர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். அன்றைக்கு ஈராக் அதிகாரிகளிடம் உட்கார்ந்து பேசிய நம் தூதரக ஆட்களை, ஏதோ ஒரு பொய் வழக்கில் பிடித்து உள்ளே வைக்கலாம் என்று சட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டெஹ்ரானில் 1979 நவம்பரில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்து 52 பேரை 444 நாள் அடைத்து வைத்தார்களே, அதுபோன்ற நாளில்தான் விலக்கின் அருமை தெரியும். அந்த வழக்கில் 1980-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னதை ஒரு வழக்கறிஞனாக நான் முழுதாக ஏற்கிறேன். தூதர் தப்பு செய்தார் என்றால் வெளியே அனுப்புங்கள், உறவையே முறித்துக்கொள்ளுங்கள், அதற்கு வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆளைப் பிடித்து வைக்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு.

கம்பன் விழா நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, வீடணன் இராவணனைத் தடுத்து, தூது வந்தவனைக் கொல்வது முறையல்ல என்று வாதாடும் இடத்தை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். பகை நாட்டுச் சபையிலும் தூதனுக்கு உயிர் உண்டு என்பது நம் காதில் ஊறிய நியாயம். ஆனால் அங்கே வீடணன் காப்பாற்றியது தூது சொல்ல வந்தவனை. தூதன் தன் வீட்டு வேலையாளை அடித்தால் என்ன என்பது அந்தச் சபையில் எழாத கேள்வி. என் கேள்வி அதுதான்.

கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சமையல்காரர் என்னைப் பார்க்க வந்தார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிடுகிறேன். கல்யாண வீடுகளில் பெரிய அடுப்பில் நின்று பழகியவர். டெல்லியில் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியின் வீட்டில் சமையல் வேலை என்று தெரிந்தவர் மூலம் போனார். ஆரம்பத்தில் சம்பளம் ஒழுங்காக வந்தது. அப்புறம் பாதி வந்தது. மீதியை ஊருக்குக் கிளம்பும்போது மொத்தமாகத் தருகிறேன் என்றார்கள். கிளம்பியது இவரில்லை, அவர்கள். வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. காவல் நிலையத்தில், தூதரக விஷயம், நாங்கள் எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. சம்பளம் கையில் ரொக்கமாக வந்ததால் வங்கிக் கணக்கிலும் தடயம் கிடையாது.

“வக்கீலய்யா, நான் ஊர் ஊராப் போய்ச் சமைச்சவன். சாப்பாடு நல்லா இல்லைன்னு சொன்னவங்க உண்டு. கூலி இல்லைன்னு சொன்னவங்க இல்லை” என்றார்.

“அண்ணே, கேஸ் போடறதுக்கு முன்னாடி டெல்லி சர்க்கார்கிட்ட அனுமதி வாங்கணும்” என்றேன்.

“என் சம்பளத்தை நான் கேக்கறதுக்கா?”

ஆமாம், அதற்குத்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு, வெளிநாட்டு அரசையும் தூதரையும் மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வழக்குக்கு இழுக்கக்கூடாது என்கிறது. அதோடு, வியன்னா ஒப்பந்தத்துக்கு இந்தியாவில் சட்ட வலு கொடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அந்த 86-ஆவது பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டு அரசிடமிருந்து ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தவர், அந்த இடம் தொடர்பாக அனுமதி இல்லாமலே வழக்குப் போடலாம். வாடகைக்காரரை நினைத்துப் பார்த்த சட்டம் சமையல்காரரை நினைக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு மிகவும் உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது.

அந்தத் தூதரகத்துக்கு ஒரு கடிதமும் வெளியுறவு அமைச்சகத்தில் தூதரகங்களைக் கவனிக்கும் மரபுமுறைப் பிரிவுக்கு ஒரு கடிதமும் எழுதினோம். மாதக்கணக்கில் சத்தமில்லை. பிறகு ஒரு பகுதித் தொகை வந்தது. ஏன் இவ்வளவு, மீதி எங்கே என்று ஒரு வரி விளக்கம் இல்லை. அவர் அதை வாங்கிக்கொண்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே போகலாம் என்று நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சட்டத்தில் அவருக்கு ஒரு சின்ன வாசல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 39-ஆவது பிரிவின்படி, தூதரின் பதவி முடிந்து அவர் நாட்டை விட்டுப் போனதும் விலக்கும் முடிந்துபோகிறது. அலுவல் முறையில் செய்த காரியங்களுக்கு மட்டும் அது தொடரும். வீட்டில் சமைக்க ஆள் வைத்தது அலுவல் காரியம் ஆகாது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. 2022-இல் அதே நீதிமன்றம் இன்னும் ஓர் அடி மேலே போனது. வேலையாளை வீட்டுக்குள் அடைத்து, சம்பளமில்லாமல் அடிமைபோல் வைத்துச் சுரண்டுவது லாபம் தேடும் வணிகச் செயல்தான், ஆகவே தூதர் பதவியில் இருக்கும்போதே வழக்குப் போடலாம் என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். இரண்டு பேர் மறுத்தார்கள். ஒப்பந்தத்தின் 31-ஆவது பிரிவில் தூதர் தனிப்பட்ட முறையில் செய்யும் வணிகத்துக்கு விலக்கு இல்லை என்று இருக்கிறது. அந்தச் சொற்களுக்குள் ஒரு வீட்டு வேலைக்காரரின் கண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க அறுபது ஆண்டு ஆகியிருக்கிறது. அப்போதும், சாதாரணமாகச் சம்பளப் பாக்கி வைத்தால் அது வணிகம் ஆகாது என்றே அந்தத் தீர்ப்பு விட்டிருக்கிறது. அடிமைத்தனம் வரைக்கும் போனால்தான் கதவு திறக்கும். என் கட்சிக்காரர் அடிமையாக இருக்கவில்லை. கூலிதான் வரவில்லை. அவருக்கு அந்தத் தீர்ப்பு உதவாது.

இதுவரை மற்ற நாட்டுக்காரர்களைப் பற்றிப் பேசினேன். நம் வீட்டைப் பார்க்காமல் இதை எழுதி முடிப்பது நியாயம் இல்லை.

2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் ஒரு சம்பளம், தனியாகப் போட்ட ஒப்பந்தத்தில் மாதம் 30,000 ரூபாய் என்று வேறொரு சம்பளம் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். உடையைக் களைந்து சோதனை போட்டார்கள். அது அவமானம், செய்திருக்கக்கூடாது, நம் அரசு கொதித்தது சரி. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் இருந்த தடுப்புகளை அகற்றினார்கள். துணைத் தூதரக அதிகாரிக்கு முழு விலக்கு இல்லாததால், அவரை ஐ.நா. தூதுக்குழுவுக்கு மாற்றி முழு விலக்கு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நடந்தது. ஆனால் அந்தப் பணிப்பெண்ணுக்கு எவ்வளவு சம்பளம் வந்தது, எத்தனை மணி நேரம் வேலை என்று நம் பக்கத்தில் யார் கேட்டார்கள்? அவளும் இந்தியக் குடிமகள்தானே. நாட்டின் மானம் என்று பேசும்போது அவள் மானம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

2015-இல் நியூசிலாந்தில் நம் ஹைகமிஷனர் வீட்டுச் சமையல்காரர், தாம் கொடுமைப்படுத்தப்பட்டதாகச் சொல்லி வீட்டை விட்டு வெளியேறினார். ஹைகமிஷனர் அதை மறுத்தார், பிறகு டெல்லிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அங்கே முன்பு இந்திய ஹைகமிஷனராக இருந்தவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2015-16-இல் கான்பெராவில் அவர் வீட்டில் வேலை பார்த்த இந்தியப் பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 9 ஆஸ்திரேலிய டாலர்தான் கிடைத்தது என்று கண்டு, 1,36,000 டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அலுவல் கடவுச்சீட்டில் போன இந்தியப் பணியாளரின் குறையை விசாரிக்க ஆஸ்திரேலியாவுக்கு அதிகாரம் இல்லை என்பது நம் வெளியுறவு அமைச்சகத்தின் நிலை. சரி, அப்படியே இருக்கட்டும். எந்த இந்திய நீதிமன்றத்தில், எந்த அதிகாரி முன்னால் அந்தப் பெண் தன் சம்பளத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் ஆஸ்திரேலியாவுக்கு அதிகாரம் இல்லை என்று மட்டும் சொன்னால், அவளுக்கு உலகத்தில் எங்கேயும் நீதிமன்றம் இல்லை என்று ஆகிறது.

அடுத்த ஆண்டே அதே நீதிமன்றம், கான்பெராவில் இலங்கைத் துணை ஹைகமிஷனராக இருந்தவருக்கு எதிராகவும் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பெண்ணுக்குச் சுமார் 11,000 டாலர்தான் கொடுத்திருந்தார்கள். வட்டியோடு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னார்கள். தெற்காசியாவில் வீட்டுவேலைக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பை நம் தூதர்கள் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

கூலியைவிடக் கொடியதும் உண்டு. 2015 செப்டம்பரில் குருகிராமில் சவூதித் தூதரக அதிகாரி ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு நேபாளப் பெண்கள் மீட்கப்பட்டார்கள். பாலியல் வன்முறைப் புகார். தூதரகம் அதை மறுத்தது. சில நாட்களில் அந்த அதிகாரி விலக்கோடு நாட்டை விட்டுப் போய்விட்டார். இந்திய நீதிமன்றத்தால் அவரை விசாரிக்க முடியவில்லை. அந்தப் பெண்கள் சொன்னது உண்மையா இல்லையா என்று ஒரு நீதிபதி உட்கார்ந்து கேட்கக்கூட வழியில்லாமல் போனதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நம் உச்ச நீதிமன்றமும் ஒருமுறை கோட்டைத் தாண்டியது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பற்படை வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வாக்களிக்கப் போய்விட்டு வருகிறோம் என்று போன வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி 2013 மார்ச்சில் சொன்னது. அவர்களைத் திரும்பக் கொண்டுவருவதாக நீதிமன்றத்தில் உறுதி கொடுத்திருந்த இத்தாலியத் தூதர் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. வீரர்கள் திரும்பினார்கள். அந்த உத்தரவில் இருந்த கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் அது தவறான வழி என்றே நினைக்கிறேன். விலக்கை விட்டுக்கொடுப்பது இத்தாலி வெளிப்படையாகச் செய்ய வேண்டிய காரியம். ஓர் உறுதிமொழியிலிருந்து நாமாகவே அதை எடுத்துக்கொண்டால், நாளைக்கு இன்னொரு நாடு நம் தூதரிடம் அதையே செய்யும். பர்மாவையும் குவைத்தையும் மறக்காதவர்கள் அதற்கு வழி விடக்கூடாது.

ஆக நான் கேட்பது தூதரைக் கைது செய்யும் அதிகாரத்தை அல்ல. அவர் உடல், அவர் அலுவலகம், அவர் அரசுக்கு எழுதும் கடிதம், இவற்றை யாரும் தொட வேண்டாம். ஆனால் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் ஒப்பந்தம் எந்த நாட்டின் தூதுப்பணிக்கும் சேர்ந்ததில்லை. தனிப்பட்ட அசையாச் சொத்துக்கும் வாரிசுரிமைக்கும் ஒப்பந்தத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. தூதர் இங்கே ஒரு மனை வாங்கினால் அதன்மேல் வழக்குப் போடலாம். மனைக்கு உள்ள உரிமை மனிதரின் கூலிக்கு ஏன் இருக்கக்கூடாது? வீட்டுப் பணியாளரின் சம்பள வழக்கை உள்ளூர் நீதிமன்றம் அனுமதியின்றி விசாரிக்கலாம் என்று நாடுகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளலாம். 86-ஆவது பிரிவில் வாடகைக்காரருக்குப் பக்கத்தில் பணியாளரையும் சேர்க்க நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். வியன்னா ஒப்பந்தம் இருக்கும்வரை தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம், தெரியும். ஆனால் ஒரு நீதிமன்றம் இவ்வளவு பாக்கி என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் காகிதத்தை வைத்து அரசு பேசலாம். இன்றைக்கு அந்தக் காகிதமே இல்லை.

குற்றவியல் விஷயத்தில், அனுப்பிய நாடு இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். விலக்கை விட்டுக்கொடு, இல்லையென்றால் உன் ஊரில் விசாரி. இரண்டும் செய்யாத நாட்டுக்குத் தூதரகப் பணியிடங்களைக் குறைக்கும் உரிமை நமக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். இதையெல்லாம் பெரிய நாடுகள் கேட்குமா என்பார்கள். நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஐ.நா. தூதர்கள் கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் குவிந்திருந்தன. 2002-இல், பாக்கி வைத்தால் காரின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிப்போம் என்றார்கள். யாரையும் கைது செய்யவில்லை. கட்டாமல் விடுவது மளமளவென்று குறைந்துபோனது. சலுகை எங்கே வலிக்கிறதோ அங்கே கை வைத்தால் போதும். லண்டனில், நகர மையத்துக்குள் காரில் வருவோர் கட்ட வேண்டிய நெரிசல் கட்டணத்தைக் கட்டாத தூதரகங்கள் 143 மில்லியன் பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருப்பதாக 2024-இல் அந்நகரப் போக்குவரத்துத் துறை பட்டியல் போட்டது. அமெரிக்கா முதலிடம், ஜப்பான் இரண்டாவது, இந்தியா மூன்றாவது. அது வரி, எங்களுக்கு விலக்கு உண்டு என்பது தூதரகங்களின் வாதம். நம் பெயர் அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அமெரிக்கா 2008-இல் போட்ட சட்டப்படி, தூதர் வீட்டுக்கு வரும் பணியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். கொடுமையைக் கண்டும் காணாமலும் இருக்கும் தூதரகத்துக்குப் பணியாளர் விசாவையே நிறுத்தலாம். பெல்ஜியம் போன்ற நாடுகளில் பணியாளர் தம் அடையாள அட்டையை வாங்க நேரில் வர வேண்டும், முதலாளி கூட இல்லாமல் அதிகாரி அவரோடு தனியே பேசுவார். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மனிதரிடம் “சம்பளம் வருகிறதா, தூங்க இடம் இருக்கிறதா” என்று கேட்கும் ஏற்பாடு இது. டெல்லியிலும் செய்யலாம். நம் தூதர்கள் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும் பணியாளர்களுக்கு, கிளம்புமுன் சென்னையிலோ மதுரையிலோகூடச் செய்யலாம்.

சென்னையில் இருப்பவை பெரும்பாலும் துணைத் தூதரகங்கள் என்பதை இந்தப் பக்கத்து மக்கள் தெரிந்துகொள்வது நல்லது. அவற்றுக்கு 1963-இல் வந்த வேறொரு வியன்னா ஒப்பந்தம். அங்கே வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கு அலுவல் காரியங்களுக்கு மட்டும்தான் விலக்கு. வீட்டுச் சமையல்காரரின் சம்பளம் அதில் வராது. அனுமதி இல்லாமல் ஒன்றும் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள், முதலில் அவர் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார் என்று கேளுங்கள்.

தூதர் வீட்டு வேலைக்குக் கிளம்புகிறேன் என்று வருபவர்களிடம் இப்போது நான் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புகிறேன். சம்பளத்தை வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள், அந்தக் கணக்கின் கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். ஒப்பந்தம் தமிழிலும் ஒரு பிரதி இருக்கட்டும், அதைப் படம் பிடித்து ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். விசாவுக்கு எழுதிய சம்பளமும் ஒப்பந்தத்தில் உள்ள சம்பளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். மீதியை மொத்தமாகத் தருகிறேன் என்று சொன்ன மாதமே எனக்குப் போன் செய்யுங்கள், அவர் மாற்றலாகிப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.